இன்ஜினை அணைத்தவர்கள்

வீரப் பதக்கங்களோடு கொடுக்கப்படும் பட்டயங்களில் பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்த்தவை. தன்னுயிரைப் பொருட்படுத்தாத துணிவு, கடமையின் எல்லையைக் கடந்த தீரம் என்று அடைமொழிகள் வரிசையாக வந்து நிற்கும். அவற்றை ஒதுக்கிவிட்டு வினைகளையும் எண்களையும் மட்டும் நிறுத்திப் படித்தால், சில பட்டயங்களில் உள்ளே ஒரு மனிதன் அசைவது தெரியும். நான் திரும்பத் திரும்ப எடுத்துப் படிக்கிற அப்படியொரு பட்டயம், அமெரிக்கக் கடற்படை விமானி நேதன் கார்டனுக்கு 1944இல் மெடல் ஆஃப் ஹானர் பதக்கத்தோடு கொடுக்கப்பட்டது. அரைப் பக்கம்கூட வராது. மூன்று முறை எதிரியின் கண்ணெதிரே கடலில் இறங்கினார் என்கிறது. புரளும் அலை இருந்தும் காற்று ஏறக்குறைய இல்லவே இல்லை என்கிறது. எதிரியின் கரையிலிருந்து 600 கஜம் என்கிறது. பறக்கத் தெரிந்தவர்களுக்கு இந்த மூன்று குறிப்புகளும் போதும். மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்வார்கள். நம்மைப் போன்றவர்கள் கொஞ்சம் நின்று நிதானித்து ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தால்தான் அதன் சுவை தெரியும்.

கார்டன் கடலே இல்லாத மாநிலத்துக்காரர். ஆர்கன்சாவில் மோரில்டன் என்கிற சின்ன ஊர். 1916இல் பிறந்து, 1939இல் சட்டப் படிப்பை முடித்து, சொந்த ஊரிலேயே வக்கீலாக உட்கார்ந்தவர், 1941இல் கடற்படையில் சேர்ந்து விமானியானார். அவருக்குக் கிடைத்தது கேட்டலினா. ரோந்துக்கும் குண்டுவீச்சுக்குமாகக் கடற்படை வைத்திருந்த பறக்கும் படகு. அதற்கு அவர் வைத்த பெயர் 'ஆர்கன்சா டிராவலர்'.

அவர் இருந்த விபி-34 படைப்பிரிவு, கருப்புப் பூனைகள் என்று அழைக்கப்பட்ட இரவுத் தாக்குதல் பிரிவுகளில் ஒன்று. இருட்டோடு இருட்டாகக் கலக்க மங்கலான கருப்பு வண்ணம் பூசிய கேட்டலினாக்களில் ராத்திரி கிளம்பிப் போய் ஜப்பானியக் கப்பல்களைத் தேடி அடிப்பது இந்தப் பிரிவுகளின் வேலை. பகலிலோ அதே விமானங்களுக்கு வேறு வேலை வந்துசேரும். கடலில் விழுந்த விமானிகளைப் பொறுக்கி எடுத்து வருவது. இந்த வேலைக்குப் படையினர் வைத்த பெயர் டம்போ. 1941இல் வந்த வால்ட் டிஸ்னி படத்தில் பெரிய காதுகளை விரித்துப் பறக்கிற யானைக்குட்டியின் பெயர் அது. கேட்டலினாவைப் படத்தில் பார்த்தவர்களுக்குக்கூட அந்தப் பெயரின் பொருத்தம் புரியும். 104 அடி அகல இறக்கை, அதன் கீழே தொங்குகிற பருத்த படகு உடல், வயிற்றின் இரு பக்கமும் பிதுங்கி நிற்கும் கண்ணாடிக் குமிழ்கள். வேகம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது. அந்தக் காலச் சண்டை விமானங்கள் அதைச் சுற்றிச் சுற்றி வந்து அடிக்கலாம். ஆனால் மணிக்கணக்காகக் காற்றில் கிடக்கும். எங்கே தண்ணீர் இருக்கிறதோ அங்கே இறங்கும்.

சென்னைக்காரர்களுக்கு இந்த விமானம் முற்றிலும் அந்நியமானதும் அல்ல. அதே போரில் 1942 முதல் பிரிட்டிஷ் விமானப்படையின் 240ஆம் பிரிவு தன் கேட்டலினாக்களைச் செங்குன்றம் ஏரியில்தான் நிறுத்தியிருந்தது. வங்காள விரிகுடா ரோந்துக்கு அங்கிருந்து எழும்பிப் போவார்கள். இலங்கையின் தென்கோடியில் கொக்கலைக் காயலிலும் ஒரு தளம் இருந்தது. 1942 ஏப்ரல் 4ஆம் தேதி அங்கிருந்து கிளம்பிய கனடியர் லியனார்ட் பர்ச்சலின் கேட்டலினாதான் ஜப்பானியக் கடற்படை இலங்கையை நோக்கி வருவதை முதலில் கண்டு, சுட்டு வீழ்த்தப்படுமுன் செய்தி அனுப்பியது. இந்த விமானத்தை ஓட்டிய பலருக்கு இப்படி ஒரு கதை உண்டு. அவர்களில் கார்டனிடம் நான் வந்து நிற்பதற்குக் காரணம், அவருடைய கதையில் வீரம் வந்து உட்கார்ந்திருக்கும் இடம். அது யாரும் எதிர்பாராத ஓர் இடம்.

1944 பிப்ரவரி 15. நியூ அயர்லாந்து தீவின் வடமேற்கு நுனியில் காவியெங் துறைமுகம். இரண்டு ஆண்டுகளாக ஜப்பானியர் கையில் இருந்த ஊர். ரபாவுல் என்ற பெருந்தளத்துக்குப் பக்கபலம். அன்று அமெரிக்கத் தரைப்படையைச் சேர்ந்த ஐந்தாவது விமானப்படை அதை அடித்து நொறுக்கக் கிளம்பியது. பி-25, ஏ-20 ரகக் குண்டுவீச்சு விமானங்கள் மிகத் தாழப் பறந்து தாக்கின. தாழப் பறந்தால் குறி தப்பாது. ஆனால் கீழே இருப்பவனுக்கும் குறி தப்பாது. அடிபட்டால் பாராசூட்டில் குதிக்க உயரம் கிடையாது. கடலில் மோதி இறக்குவது ஒன்றே வழி. பல விமானங்கள் அடிபட்டன. துறைமுகத்தை ஒட்டிய நீரில், பீரங்கிகள் பார்த்துக்கொண்டிருக்க, ரப்பர் மிதவைகளில் ஆட்கள் கிடந்தார்கள்.

கார்டனின் கேட்டலினா தெற்கே ‘விட்டு’ என்ற தீவுகளின் பக்கம் காத்துக்கொண்டு சுற்றிக்கொண்டிருந்தது. செய்தி வந்ததும் துறைமுகத்துக்குள் நுழைந்தார்.

புரளும் அலையில் இறங்க அவர் கையாண்டது முழு ஸ்டால் இறக்கம். விமானத்துக்கு இறக்கை தருகிற தூக்குவிசை வேகத்தைப் பொறுத்தது. வேகம் ஓர் அளவுக்குக் கீழே போனால் இறக்கை கைவிட்டுவிடும். விமானம் சரேலென்று விழும். அதற்குத்தான் ஸ்டால் என்று பெயர். எந்த விமானியும் கனவிலும் அஞ்சுகிற நிலை. அமைதியான நீரில் பறக்கும் படகை இறக்குபவர் வேகத்தைக் கையில் வைத்துக்கொண்டே வழுக்கியபடி தண்ணீரைத் தொடலாம். புரளும் கடலில் அது ஆகாது. வேகத்தோடு ஓர் அலைமுகட்டில் மோதினால் விமானம் பந்துபோல எகிறும், அடுத்த முகட்டில் மூக்கைக் குத்தும், உடல் பிளக்கும். ஆகவே மூக்கை உயர்த்தி, வேகத்தைக் கரையவிட்டு, இறக்கை கைவிடுகிற அந்த நொடியும் வயிறு தண்ணீரைத் தொடுகிற நொடியும் ஒன்றாக இருக்குமாறு பார்த்துக்கொள்ள வேண்டும். ஓர் ஆள் உயரம் முன்னதாகக் கைவிட்டாலும் விழுந்து நொறுங்கும். ஒரு கணம் தாமதித்தால் எகிறும். நம் கடற்கரையில் மீனவர்கள் படகைக் கரைக்குக் கொண்டுவருகையில், வருகிற அலைகளைக் கணித்துக் காத்திருந்து ஒன்றின் முதுகைப் பிடித்து ஏறி வருவதைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கணக்கின் சாயல் தெரிந்திருக்கும். கார்டனுக்கு அந்தக் கணக்கை வானத்திலிருந்து போட வேண்டியிருந்தது. அவர் போட்டுக்கொண்டிருந்தபோது கரையிலிருந்து சுட்டுக்கொண்டிருந்தார்கள்.

பயப்பட வேண்டிய ஒன்றை வேண்டுமென்றே வரவழைத்து, அதைத் தன் வேலைக்குப் பயன்படுத்துகிற கை. எனக்கு இதில் ஓர் இசைவாணரின் அடக்கம் தெரிகிறது.

முதல் முறை இறங்கியபோது அங்கே உயிரோடு யாருமில்லை. அலை அடித்த அடியில் விமானத்தின் அடித்தகடுகள் நெகிழ்ந்து தண்ணீர் கசிய ஆரம்பித்தது. யாரையும் காப்பாற்றாமலே விமானம் காயப்பட்டாயிற்று. திரும்பிப் போயிருந்தால் ஒருவரும் குறை சொல்லியிருக்க முடியாது. அவர் மேலே எழும்பினார். அடுத்த மிதவையைத் தேடினார். மறுபடி இறங்கினார். அங்கே ஆறு பேர்.

பட்டயம் சொல்லாத ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். கார்டனே பிற்காலத்தில் விவரித்தது அது. மிதவை பக்கத்தில் வந்ததும் கேட்டலினாவின் வயிற்றுக் கண்ணாடிக் குமிழைத் திறந்து கயிறு வீசினார்கள். மிதவையில் இருந்தவர்கள் பிடித்தார்கள். ஆனால் பறக்கும் படகுக்குத் தண்ணீரில் பிரேக் கிடையாது. தலா 1200 குதிரைத்திறன் கொண்ட இரண்டு இன்ஜின்கள். அவற்றை எவ்வளவு தணித்து வைத்தாலும் விசிறிகள் சுற்றிக்கொண்டேயிருக்கும், படகு முன்னே போய்க்கொண்டேயிருக்கும். அடிபட்டு, உப்புநீர் குடித்து, கைகள் மரத்துப்போன மனிதர்கள் அந்த இழுப்பைத் தாங்க முடியாமல் கயிற்றை விட்டார்கள். காப்பாற்ற வந்த விமானம் காப்பாற்ற வேண்டியவர்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

கார்டன் இன்ஜின்களை அணைத்தார்.

இந்த ஒரு செயலில் எவ்வளவு அடங்கியிருக்கிறது என்று பாருங்கள். எதிரியின் துறைமுகத்துக்குள், பீரங்கிகளின் நேர்ப்பார்வையில், அலையில் ஆடுகிற ஒரு பெரிய கருத்த இலக்கு. நகர்ந்துகொண்டிருக்கும் இலக்கை அடிக்க முன்கணிப்பு வேண்டும். நின்றுவிட்டதை அடிக்க அதுவும் வேண்டாம். சுற்றிலும் குண்டுகள் விழுந்து தண்ணீர் எழும்புகிறது. அணைத்த இன்ஜின் மறுபடி கிளம்பும் என்பதற்கு உத்தரவாதம் ஒன்றும் கிடையாது. கிளம்பாவிட்டால் மீட்க வந்தவர்களையும் சேர்த்து மீட்க இன்னொருவர் வர வேண்டும், வர யாருமில்லை. ஓடுவதற்கு இருந்த ஒரே வழியைத் தன் கையாலேயே அடைத்துவிட்டு, முன்பின் பார்த்திராத மனிதர்கள் கயிற்றைப் பற்றிக்கொண்டு வந்து சேரும்வரை அந்த மௌனத்தில் உட்கார்ந்திருந்தார். போர்க்கதைகளில் வீரம் எப்போதும் பாய்வதாகவே இருக்கும். இங்கே அது நிற்பதாக இருக்கிறது. நான் படித்த வரையில் இதற்கு நிகரான இடம் சிலவே உண்டு.

இந்த விமானத்தின் அமைப்பு இதற்கு இன்னொரு நயத்தைச் சேர்க்கிறது. கேட்டலினாவின் இறக்கை உடலோடு நேராக ஒட்டியிருக்காது. நடுவில் ஒரு கோபுரம் எழும்பி அதன் மேலே இறக்கை அமர்ந்திருக்கும். அந்தக் கோபுரத்துக்குள், இரண்டு இன்ஜின்களுக்கும் இடையில், பொறியாளர் ஒருவர் தனியாக உட்கார்ந்திருப்பார். இன்ஜின்களைக் கிளப்பும் விசைகளும் அவற்றின் நலம் காட்டும் கடிகைகளும் அவரிடம். விமானி முன்னால் தன் அறையில். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. கட்டளைகள் விளக்குக் குறிகளாகவோ பேசும் கருவி வழியாகவோ போகும். ஆக, காவியெங்கில் ஒவ்வொரு முறை இன்ஜின் அடங்கியபோதும் அது மீண்டும் உயிர்பெற்றதற்கு, முகம் காணாத ஓர் ஆளின் கை காரணம். குமிழ்களில் நின்று கயிறு வீசியவர்கள் வேறு. அவர்கள் ஒவ்வொரு ஆளாக, நனைந்து கனத்த உடல்களைக் கையால் தூக்கி உள்ளே போட்டார்கள். காயம்பட்டவர்களை அப்படித் தூக்குவது எளிதல்ல, அவசரப்படவும் முடியாது. மேலே பி-25 விமானங்கள் சில போகாமல் சுற்றிச் சுற்றி வந்து கரைப் பீரங்கிகளின் மேல் சுட்டுக்கொண்டிருந்தன. கரையில் இருந்தவர்களின் தலை நிமிராதிருக்கும் சில நொடிகளை இவர்களுக்கு வாங்கித் தந்தவர்கள் அவர்கள்.

ஆறு பேரை ஏற்றி எழும்பியாயிற்று. இன்னொரு மிதவை. மறுபடி இறக்கம், மறுபடி மௌனம், மறுபடி கயிறு. மூன்று பேர். மொத்தம் ஒன்பது.

அதன்பின் எழும்பியதைப் பற்றித்தான் பட்டயம் காற்று இல்லை என்று ஒரு குறிப்பைப் போட்டிருக்கிறது. தரையில் வாழ்கிற நமக்குக் காற்றில்லாத கடல் என்றால் நல்லதுதானே என்று தோன்றும். விமானிக்கு அது கெட்ட சேதி. எதிர்க்காற்று வீசினால் அதன் வேகமும் இறக்கைக்குக் கணக்கு. அந்த அளவுக்குத் தண்ணீரில் ஓடும் ஓட்டம் குறையும். காற்றே இல்லையென்றால் முழு வேகத்தையும் விமானமே ஓடிச் சம்பாதிக்க வேண்டும். ஓட ஓட வயிறு அலைமுகடுகளில் அறையும். வேகம் கூடக் கூட ஒவ்வோர் அறையும் கல்லில் மோதுவதாகும். விமானத்தில் அளவுக்கு மீறிய பாரம். அடியில் கசிந்து நிற்கும் நீர் வேறு முன்னும் பின்னும் புரண்டு எடையை இடம் மாற்றிக்கொண்டிருக்கும். முதலில் படகு நீரை உழுதுகொண்டு போகும். பிறகு அடிவயிற்றில் அதற்கென்றே வெட்டிய படியின் மேல் ஏறி வழுக்கத் தொடங்கும். அப்புறம்தான் தண்ணீர் விடும். நெகிழ்ந்த தகடுகளோடு இந்த மூன்று நிலைகளையும் தாண்ட வேண்டும். தாண்டினார். தளத்தை நோக்கித் திரும்பினார்.

திரும்பி வரும் வழியில் வானொலிச் செய்தி. இன்னொரு மிதவை, ஆறு பேர், கரையிலிருந்து 600 கஜம்.

ஏறக்குறைய 550 மீட்டர். சாதாரண எந்திரத் துப்பாக்கிக்கே எட்டும் தூரம். மனக்கணக்கில் ஒரு பக்கம் ஆறு உயிர். மறு பக்கம் ஏற்கெனவே மீட்ட ஒன்பது உயிர், தன்னோடு வந்த சகாக்கள், ஓட்டையுள்ள ஒரு விமானம். முதல் தடவை துறைமுகத்துக்குள் நுழைந்தபோது அங்கே என்ன இருக்கிறது என்று முழுதாகத் தெரியாது. இப்போது ஒவ்வொரு பீரங்கியும் எங்கே இருக்கிறது என்று தெரியும். தெரிந்த பின் போவது வேறு. மீட்கப்பட்டு ஈரத் துணியோடு தரையில் படுத்திருந்த அந்த ஒன்பது பேரையும் நினைத்துப் பார்க்கிறேன். பிழைத்தோம் என்று கண்ணை மூடியிருப்பார்கள். விமானம் சாய்ந்து திரும்புவதை உடம்பால் உணர்ந்திருப்பார்கள்.

ஆநிரை கவர்வதை வெட்சி என்றும், கவர்ந்து போனதை மீட்பதைக் கரந்தை என்றும் நம் புறத்திணை மரபு பிரித்து வைத்திருக்கிறது. கரந்தை மறவர்கள் எதிரியின் நிலத்துக்குள் போவது எதையும் வெல்ல அல்ல, தம்முடையதைத் திரும்பக் கொண்டுவர. அந்தக் காலத்துப் புலவர் ஒருவர் காவியெங்கைப் பார்த்திருந்தால் இந்த வக்கீலுக்குக் கரந்தைப் பூவைத்தான் சூட்டியிருப்பார் என்று நினைக்கிறேன். அன்று அவர் மீட்ட ஒருவர்கூடக் கடற்படைக்காரர் இல்லை. எல்லோரும் தரைப்படை விமானிகள். அமெரிக்கப் படைகளுக்குள் இந்த இரண்டுக்கும் இடையே இருந்த போட்டியும் பொருமலும் அந்தப் போரின் வரலாற்றில் நிறையப் பக்கங்களைப் பிடித்திருக்கின்றன. மிதவையில் கிடந்தவர்களின் சீருடையைப் பற்றி அன்று யாரும் கேட்கவில்லை.

நான்காவது முறை இறங்கினார், நேர்ச் சூட்டின் கீழே. இன்ஜின்கள் அடங்கின, ஆறு பேரும் ஏறினார்கள், இன்ஜின்கள் கிளம்பின. விமானத்தின் சொந்த ஆட்களோடு சேர்த்து இப்போது உள்ளே இருபதுக்கும் மேற்பட்டவர்கள். அந்த எடையோடு, அந்த ஓட்டையோடு, அதே காற்றில்லாக் கடலிலிருந்து நான்காவது தடவையாக எழும்பிப் புது கினியின் பக்கம் பறந்தார். மீட்கப்பட்ட 15 பேரும் தளம் சேர்ந்தார்கள்.

அவர்கள் எதிலிருந்து மீட்கப்பட்டார்கள் என்பதைப் பட்டயம் பொதுவாக, சாவு அல்லது சிறை என்று சொல்லி முடிக்கிறது. அதன் பொருள் ஒரு மாதத்தில் தெளிவாயிற்று. காவியெங்கில் ஜப்பானியர் அடைத்து வைத்திருந்த ஆஸ்திரேலியக் குடிமக்கள், சிப்பாய்கூட இல்லாத தோட்டக்காரர்களும் அலுவலர்களும், 1944 மார்ச்சில் துறைமுக மேடைக்குக் கொண்டுவரப்பட்டுக் கழுத்து நெரிக்கப்பட்டார்கள். குறைந்தது 23 பேர். போர் முடிந்தபின் அதற்கு உத்தரவிட்ட தளபதி விசாரிக்கப்பட்டுத் தூக்கிலிடப்பட்டார். குடிமக்களுக்கு இது நடந்த ஊரில், அந்த ஊரின் மேல் அப்போதுதான் குண்டு போட்டுவிட்டு விழுந்தவர்களுக்கு என்ன நடந்திருக்கும் என்று விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. அமெரிக்கப் படைகளோ காவியெங்கைக் கடைசிவரை பிடிக்கவேயில்லை. மார்ச்சில் வடக்கே எமிராவ் தீவில் இறங்கி, காவியெங்கைச் சுற்றிக்கொண்டு போய்விட்டார்கள். மிதவைகளில் கிடந்தவர்கள் கரையொதுங்கிக் காத்திருந்தாலும், அவர்களை விடுவிக்க எந்தப் படையும் வந்திருக்காது. அன்று வந்த ஒரு விமானம்தான் அவர்களுக்கு வாய்த்தது.

அட்மிரல் ஹால்ஸி பாராட்டுச் செய்தி அனுப்பினார். ஜூலையில் பிரிஸ்பேனில் வைத்து வைஸ் அட்மிரல் கின்கெய்ட் பதக்கத்தை அணிவித்தார். போர் முடிந்ததும் கார்டன் மோரில்டனுக்கே திரும்பினார். 1947 முதல் 1967 வரை, இருபது ஆண்டுகள், ஆர்கன்சாவின் துணை ஆளுநராகத் தேர்தலுக்குத் தேர்தல் மக்கள் அவரைத் தேர்ந்தெடுத்துக்கொண்டே இருந்தார்கள். 2008இல் தம் 92ஆம் வயதில் காலமானார்.

ஹால்ஸியின் செய்தியில் எனக்குப் பிடித்தது, அது விமானி ஒருவரை மட்டும் புகழாமல் அந்தக் கேட்டலினாவின் குழு முழுவதையும் புகழ்ந்தது. படைத் தலைமையும் அப்படியே செய்தது. கார்டனுக்கு நாட்டின் மிக உயர்ந்த பதக்கம் என்றால், அன்று அவரோடு பறந்த மற்ற ஒவ்வொருவருக்கும் சில்வர் ஸ்டார் கிடைத்தது. குமிழில் நின்று கயிறு வீசியவருக்கும், கோபுரத்துக்குள் தனியே உட்கார்ந்து நான்காம் முறையும் இன்ஜின்களைக் கிளப்பியவருக்கும்.